தாய்க்கோழியும் நாங்களும்

2022ஆம் ஆண்டுச் சித்திரை விழாவில், சங்கத்துப் பந்தியில் அமர்ந்திருந்தபோது, எங்கள் இருவர் கைகளிலும் இருந்த வடுக்களைக் கண்டு அன்பர் ஒருவர், “வீட்டில் பூனை வளர்க்கிறீர்களோ?” என்று வினவினார். கோழி என்றோம். அவர் இலையிலிருந்து தலையை நிமிர்த்தி எங்களைப் பார்த்தார். ஒரு கோழியால் வளர்ந்த மனிதர் இருவரை இவ்வளவு காயப்படுத்த இயலுமா என்னும் ஐயம் அவர் முகத்தில் இருந்தது. பாயசம் ஆறும்வரை அந்தக் கதையைச் சொன்னோம். நம் இதழுக்கு எழுதித் தாருங்கள் என்று அன்றே கேட்டார்கள். எங்கள் சோம்பலால் காலம் கடந்துவிட்டது. இவ்வூரில் கொல்லையில் நாலு கோழி வைத்திருக்கும் நம் குடும்பங்கள் சில உண்டு. நாங்கள் செய்த பிழையை அவர்களாவது செய்யாதிருக்கட்டும் என்று இப்போது எழுதுகிறோம்.

நாங்கள் பிலாய்க்கு வந்தது 1998இல். இருபது ஆண்டுகளுக்கு மேல் குடியிருப்பு வீடுகளில் காலம் கழித்துவிட்டு, 2019இல் ரிசாலிப் பக்கம் கொல்லையோடு கூடிய ஒரு சிறு வீட்டிற்குக் குடிபுகுந்தோம். குழந்தைகளின் அப்பத்தா திருமயத்திற்கு அருகே ஒரு சிற்றூரில் தனியே இருந்தார். 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது அவரைப் போய்ப் பார்க்கவும் முடியாமல் நாங்கள் பட்ட வேதனை நம் வாசகர் பலரும் அறிந்ததே. மறு ஆண்டு ஐப்பசியில் வற்புறுத்தி அழைத்து வந்தோம். வந்தவருக்கு இங்கே என்ன இருக்கிறது? மொழி தெரியாது. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனபின், மாலைவரை வாய் திறக்க ஆளில்லை. ஒரு நாள் விடியலில் அண்டை வீட்டுச் சேவல் கூவியது. அதைக் கேட்டு, “அப்பாடா, இது ஒண்ணாவது நம்ம பாஷையிலே பேசுது” என்றார். அன்றே ஒரு கோழி வாங்குவதென்று முடிவு செய்தோம்.

கோழியைத் தந்தவர் பின் தெருவில் கீரை விற்கும் அம்மையார். அவர் அப்பத்தாவை முதல் நாளே “தாயி” என்று அழைத்தார். சத்தீஸ்கர் மொழியில் அன்னைக்கு அதுவே பெயர். ஒலியில்தான் சிறிது வேறுபாடு. தமிழ் தெரிந்த ஒருத்தி கிடைத்துவிட்டாள் என்று அப்பத்தா மகிழ்ந்துபோய்த் தம் ஊர்ச் செய்திகளையெல்லாம் அவரிடம் கொட்டினார். அவரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அன்று தொடங்கிய நட்பு, இருவரும் மற்றவர் மொழியில் பத்துச் சொற்கூடக் கற்காமலே நிலைத்துவிட்டது. எங்களுக்கு இன்றும் வியப்பு அதுதான். அந்த அம்மையார் கொண்டுவந்த விடைக்கோழி சிறு உடலும் கருஞ்சிறகும் செம்மை கலந்த கழுத்தும் உடையது. “நம்ம ஊர்ச் சிறுவிடை மாதிரியே இருக்கு” என்று சொல்லி அப்பத்தா அதற்குக் கருப்பி என்று பெயரிட்டார்.

தை மாதக் கடைசியில் கருப்பி அடைக்கு வந்தது. முட்டையிடுவதை நிறுத்திக் கூட்டிலேயே படுத்துக்கொண்டது. அருகில் சென்றால் சிறகைச் சிலிர்த்துக்கொண்டு, நாய் உறுமுவதைப் போல ஓர் ஒலி எழுப்பியது. பண்ணைகளில் முட்டைக்காகவே வளர்க்கும் வெள்ளைக் கோழிகளிடம் இந்தக் குணத்தைக் காண்பது அரிது. அடைப்படுத்தால் முட்டை நின்றுவிடும் அல்லவா? ஆகையால், அடைப்படுக்காதவற்றையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்கி அக்குணத்தைப் போக்கிவிட்டார்கள். நாட்டுக்கோழியிடம் அது இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.

அப்பத்தா ஒரு கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் இட்டு, பதினொரு முட்டைகளை அடுக்கினார். ஒற்றைப்படையாக இருக்க வேண்டுமாம். இடியோசையால் முட்டை கெடாதிருக்க ஓர் இரும்பு ஆணியையும், கரித்துண்டையும், காய்ந்த மிளகாயையும் ஓரத்தில் செருகினார். அம்மாதம் இங்கு இடி இடிக்கவில்லை. ஆணிக்கும் வேலை இல்லாது போயிற்று. அடை வைத்தது தை கடைசி வெள்ளிக்கிழமை. நாட்காட்டியில் இருபத்தொரு நாட்களை எண்ணி, மாசி வெள்ளியொன்றில் எங்கள் இளைய மகன் வட்டமிட்டு வைத்தான்.

இருபத்தொரு நாட்களும் கருப்பி நாளுக்கு ஒரு முறைதான் இறங்கும். கால் மணி நேரத்திற்குள் தின்று, குடித்து, சாம்பலில் புரண்டு, மீண்டும் ஏறிவிடும். ஏழாம் நாள் இரவு கைவிளக்கை முட்டைக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தோம். ஒன்பதில் சிலந்திக் கால்கள் போன்ற செந்நரம்புகள் தெரிந்தன. இரண்டில் ஒன்றும் தெரியவில்லை, அவை கூமுட்டை. இருபதாம் நாள் முட்டைக்குள்ளிருந்தே குஞ்சுகள் கீச்சிட்டன. கருப்பி அடித்தொண்டையில் மெல்லிய குரலில் விடை கூறிக்கொண்டிருந்தது. அந்த உரையாடலைக் கேட்க ஆசைப்பட்டு எங்களுள் ஒருவர் கூடையருகே காதைக் கொண்டுபோனார். முதற் கொத்து அந்தக் காதில் விழுந்தது.

வட்டமிட்ட வெள்ளிக்கிழமை மாலைக்குள் ஒன்பது குஞ்சுகளும் வெளிவந்தன.

இனி எங்கள் பிழை. அன்றிரவு சற்றுக் குளிர் இருந்தது. குஞ்சுகளுக்கு முதல் வாரம் ஏறத்தாழ முப்பத்தைந்து பாகை வெப்பம் வேண்டும் என்று எங்கோ படித்திருந்தோம். ஓர் அட்டைப் பெட்டியில் மின்விளக்கைத் தொங்கவிட்டு, அதில் குஞ்சுகளை வைத்துவிட்டால் பாதுகாப்பு என்று எண்ணினோம். பொரிப்பகத்திலிருந்து வாங்கும் தாயற்ற குஞ்சுகளுக்குக் கூறப்பட்ட முறை அது. தாயின் சிறகடியில் அந்த வெப்பம் தானே இருக்கிறது என்பது எங்களுக்குத் தோன்றவில்லை. இரண்டு நாள் பசி தாங்குமளவு மஞ்சட்கருவை வயிற்றில் கொண்டே குஞ்சு பிறக்கிறது என்பதையும் அறியாமல், தீனி கொடுக்கவில்லையே என்று வேறு தவித்தோம். “ஏப்பா, தாய் இருக்கையிலே நீங்க எதுக்கு?” என்றார் அப்பத்தா. “கோழி மிதிச்சுக் குஞ்சு முடமாகுமா?” என்று பழமொழியையும் சொன்னார். பழமொழியைக் காட்டிலும் எங்களுக்குப் படித்தது பெரிதாக இருந்தது.

விளக்கைப் போட்டுக்கொண்டு, கூடைக்குள் கையை விட்டோம். நிகழ்ந்தது என்னவென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கருப்பி முகத்தை நோக்கிப் பாய்ந்தது. ஒருவர் மணிக்கட்டைக் கிழித்தது. தடுக்கப்போன மற்றவர் கையையும் விடவில்லை. கூடை கவிழ்ந்தது. குஞ்சுகள் நாற்புறமும் சிதறின. அவற்றின் நடுவே அது குதித்தும் பறந்தும் எங்களோடு போராடியது. பின்வாங்கி விளக்கை அணைத்தோம். சிறிது நேரத்தில் அதன் அழைப்பொலி கேட்டது. குஞ்சுகள் ஒவ்வொன்றாக இருளில் அதனிடம் போய்ச் சேர்ந்தன. ஒன்று மட்டும் சேரவில்லை. அதன் வலக்கால் துவண்டு கிடந்தது.

அந்தக் குஞ்சு மறுநாள் இரவு இறந்தது. இளைய மகன் அதைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, “கோழி மிதித்தால் ஒன்றும் ஆகாது என்றீர்களே, அப்பத்தா?” என்று அழுதான். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அது யாரும் கையை விடாத கோழிக்குச் சொன்னதுடா” என்றார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. முருங்கையடியில் அவரே மண்வெட்டி எடுத்துக் குழி தோண்டினார்.

பிள்ளையின் துயரைத் தணிக்க ஞாயிறன்று சுபேலாச் சந்தைக்கு அழைத்துப்போனோம். அங்கே கூடை நிறையச் சாயம் பூசிய குஞ்சுகள் விற்றார்கள். முட்டைக்கோழி இனத்தின் சேவற்குஞ்சுகளே பெரும்பாலும் இவ்வாறு சந்தைக்கு வருகின்றன; முட்டையிடாதவை ஆதலால் பண்ணைக்கு வேண்டாதவை. தடுப்பூசி போட்டவையா, நோயுற்றவையா என்று எவரும் அறியார். வாங்கியிருக்கக் கூடாது. இளஞ்சிவப்பு ஒன்றும் பச்சை ஒன்றுமாக இரண்டை வாங்கிவந்தோம். நட்டநடுப் பகலில் கருப்பியின் முன் விட்டோம்! அது இரண்டையும் ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பச்சைக் குஞ்சின் தலையில் கொத்தியது. குருதி கண்டதும் எடுத்துவிட்டோம்.

கீரை அம்மையார் இதைக் கேள்வியுற்றுத் தலையில் அடித்துக்கொண்டார். இரவில் வந்தார். விளக்கில்லாமல், ஒரு சொல்லும் பேசாமல், பின்பக்கமாகக் கையைத் தாழ்த்திக் கொண்டுபோய், இளஞ்சிவப்புக் குஞ்சைக் கருப்பியின் இறகுக்கடியில் மெல்லத் தள்ளினார். கருப்பி ஒரு முறை முனகியது. உடலைச் சற்று அசைத்து இடம் கொடுத்தது. விடிந்தபோது கறுப்பும் பழுப்புமான எட்டுக் குஞ்சுகளுக்கு நடுவே அந்தச் சிவப்பும் தலையை நீட்டியது. கருப்பி அதைக் கொத்தவில்லை. குஞ்சுகள் பொரித்து ஓரிரு நாளுக்குள் செய்தால்தான் இது கைகூடுமாம். தன் குஞ்சுகளை நன்கு கண்டு பழகியபின் எந்தத் தாயும் ஏற்பதில்லையாம். பச்சைக் குஞ்சு காயம் ஆறும்வரை நாங்கள் ஆயத்தமாக வைத்திருந்த அட்டைப் பெட்டியில், மின்விளக்கின் கீழ் வளர்ந்தது.

கோழிக்கு இருளில் கண் தெரியாது. அதனால் இரவில் அதன் வீரம் அடங்கியிருக்கும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டபின் எங்கள் கைகள் பிழைத்தன. குஞ்சைத் தொட்டுச் செய்ய வேண்டியவற்றையெல்லாம் இரவுக்கு ஒத்திவைத்தோம். பகலில் தீனி வைப்பவர் அப்பத்தா ஒருவரே. நாள்தோறும் அதே பழஞ்சேலை, அதே “பா, பா” என்னும் குரல். மூன்றாம் நாள் முதல் கருப்பி அவரைக் கண்டால் சிலிர்ப்பதை விட்டது. எங்களைக் கண்டால் விடவில்லை.

தொடாமலே குஞ்சுகளுக்குத் தனித் தீனி கொடுப்பது எப்படி? அதற்குத்தான் பஞ்சாரம். ஊரில் எல்லார் வீட்டிலும் கவிழ்ந்து கிடக்கும் அந்த மூங்கிற்கூடையை இங்கே எங்கு தேடுவது என்று மலைத்தோம். சந்தையில் மூங்கில் பின்னும் பெண்ணிடம், அப்பத்தா தம் கைகளாலேயே அதன் வடிவத்தை வரைந்து காட்டினார். நாங்கள் இந்தியில் விளக்கினோம். அரை மணி நேரம் பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு அந்தப் பெண் எழுந்துபோய், பின்னாலிருந்த குவியலிலிருந்து ஒரு பஞ்சாரத்தை இழுத்து வந்து போட்டாள். கோழி இருக்கும் ஊரில் பஞ்சாரம் இல்லாமலா போகும்! தாயை அதற்குள் கவிழ்த்துவிட்டால், இடுக்குகளின் வழியே குஞ்சுகள் விருப்பம்போல் வெளியே வந்து தின்றுவிட்டு உள்ளே போகும். தாய் அவற்றைக் கண்ணால் காண்கிறது, ஆதலால் கலங்குவதில்லை. வெளியே நொய்யும் குஞ்சுத் தீனியும் வைத்தோம். முட்டையிடும் கோழிக்கான தீனியில் சுண்ணாம்புச் சத்து மிகுதி. குஞ்சின் சிறுநீரகத்திற்கு அது கேடு. தண்ணீரைத் தட்டில் ஊற்றி, குஞ்சு விழுந்து மூழ்காதிருக்கக் கூழாங்கற்களை இட்டோம்.

கறையான் பிடிப்பது அப்பத்தாவின் தனிக் கலை. பழம்பானையில் நனைந்த சாக்கும் வைக்கோலும் சாணமும் அடைத்து, புற்றோரத்தில் மாலையில் கவிழ்த்து வைப்பார். காலையில் பானை நிறையக் கறையான். இந்தச் செம்மண் பூமியில் அதற்குப் பஞ்சமே இல்லை. பானையைத் தட்டியதும் கருப்பி ‘டுக், டுக்’ என்று விரைந்து அழைக்கும். ஒன்றை அலகால் எடுக்கும், தின்னாது, கீழே போடும், மீண்டும் எடுக்கும். குஞ்சு கொத்தித் தின்னும்வரை அது ஓயாது. வேண்டாததைக் குஞ்சு கொத்துவதாகத் தோன்றினால் தாய் இன்னும் மும்முரமாகக் கற்பிக்கும் என்று இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தார் 1996இல் எழுதியிருக்கிறார்கள். அவர்களே 2011இல் மற்றோர் ஆய்வை வெளியிட்டார்கள். குஞ்சின்மீது இலேசாகக் காற்றை ஊதினார்கள், அவ்வளவே. அதைப் பார்த்திருந்த தாயின் இதயத் துடிப்பு மிகுந்தது; குரல் எழுப்பியது. இதைப் பின்னாளில் படித்தபோது, அந்த வெள்ளிக்கிழமை இரவை எண்ணிக்கொண்டோம்.

தாய்க்கு எல்லாம் தெரியும் என்று விட்டுவிடவும் இயலாது. எங்கள் வீட்டுப் பின்புறம் திறந்த சாக்கடை ஒன்று ஓடுகிறது. கருப்பி அதை ஒரே தாவலில் கடந்து எதிர்க்கரையில் நின்று அழைக்கும். குஞ்சுகள் வரிசையாக உள்ளே விழும். ஒரு முறை இரண்டை வடிகட்டிக் கரண்டியால் எடுத்தோம். அதன்பின் நீளப் பலகைகளை இட்டு மூடினோம். வெள்ளைக்கழிச்சல் என்று நம் ஊரில் கூறும் நோயையும் தாய்ச் சிறகு தடுக்காது. 1920களில் இமயமலையடுத்த இராணிக்கேத்தில் கண்டறியப்பட்டமையால், கால்நடை மருத்துவர்கள் அந்த ஊரின் பெயராலேயே அதைக் குறிப்பர். வந்தால் கூண்டோடு கொண்டுபோகும். முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு மருந்து விட வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் ஊசி. சிக்கல் என்னவெனில், மருந்துக் குப்பி ஒன்று நூறு குஞ்சுகளுக்கு உரியது. பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். கரைத்தபின் ஓரிரு மணி நேரத்திற்குமேல் நில்லாது. பத்துக் குஞ்சுகளுக்காக ஒரு குப்பியை உடைக்க மனம் வரவில்லை. கீரை அம்மையார் தம் தெருவில் சொல்லிவிட்டார். ஒரு வியாழன் இரவு ஐந்து வீட்டுக்காரர்கள் தத்தம் குஞ்சுகளோடு எங்கள் கொல்லைக்கு வந்தார்கள். கருப்பியின் குஞ்சுகளை ஒவ்வொன்றாக இருளில் எடுத்து, சொட்டு விட்டு, மீண்டும் சிறகடியில் சேர்த்தோம். கருப்பி உறுமியது, எழவில்லை. ஒரு கீறலும் படாமல் எங்கள் வேலை முடிந்த முதல் நாள் அது.

பங்குனியில் பருந்து வந்தது. கருப்பி நீண்டதொரு குரல் கொடுத்தது. பூனைக்கு அது கொடுக்கும் குரல் வேறு. வானத்து எதிரிக்குக் கொடுக்கும் குரல் வேறு. ஒன்பது குஞ்சுகளும் இமைப்பொழுதில் குரோட்டன் செடியின் அடியில் மறைந்தன. பச்சைக் குஞ்சு, அப்போது சாயம் வெளிறி வெள்ளைச் சிறகு முளைத்திருந்தது, முற்றத்தின் நடுவே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அது எப்போதும் எங்கள் மகனின் காலடியையே சுற்றி வரும். அவன் குரலை அறியும். அன்று அவன் பள்ளியில் இருந்தான். நாங்கள் சன்னலருகே இருந்தும் கதவைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பெட்டியில் வெப்பம் குறையாமல்தான் பார்த்துக்கொண்டோம்.

மறுநாள் பழைய நைலான் சேலைகளைக் கிழித்துக் கொல்லைக்குமேல் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினோம். அப்பத்தா ஒன்பதையும் எண்ணிவிட்டுத்தான் இரவில் உறங்கப்போவார்.

ஏழு வாரம் முடிந்து சில நாட்களில், ஒரு காலை, கருப்பி தன்னை நெருங்கிய குஞ்சைக் கொத்தி விரட்டியது. நோயோ என்று அஞ்சினோம். மாலைக்குள் ஒன்பதையும் விரட்டிவிட்டு, தனியே போய்ச் சாம்பலில் குளித்தது. எங்கள் கைகளைக் கிழித்த அதே கோழிதான். இளைய மகனுக்குக் கோபம் வந்து அதற்குத் தீனி வைக்க மறுத்தான். குஞ்சுகள் இரண்டு நாள் கத்திக்கொண்டே திரிந்தன. மூன்றாம் நாள் தாமே கூடி மரக்கிளையில் அடைந்தன. சிவப்புக் குஞ்சு அவற்றின் நடுவில் இருந்தது; இப்போது முழு வெள்ளை. சில நாட்களில் கருப்பி மீண்டும் முட்டையிடத் தொடங்கியது.

அந்த வைகாசியில் எங்கள் மூத்த மகள் வேலைக்காகப் பெங்களூருக்குப் புறப்பட்டாள். தங்கும் விடுதிக்கும் அலுவலகத்திற்கும் எவ்வளவு தொலைவு, இரவு உணவு என்ன, கதவுக்குத் தாழ் உண்டா என்று நாளைக்கு நான்கு முறை தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அவள் அழைப்பை எடுக்கவில்லை. அப்பத்தா கறையான் பானையைத் தட்டிக்கொண்டே, “அவ சாப்பிட்டுத் தூங்கியிருப்பா, விடுங்க” என்றார். விட இரண்டு மணி நேரம் ஆயிற்று.

அப்பத்தா 2023 தைப் பொங்கலுக்கு ஊர் போனவர், அங்கேயே இருக்கிறேன் என்றார். இப்போது வற்புறுத்துவதில்லை. தொலைபேசியில் முதலில் கருப்பியைப் பற்றி விசாரிப்பார், அடுத்துப் பேரப்பிள்ளைகள், எங்கள் முறை கடைசியில். கீரை அம்மையாரிடம் தொலைபேசியைக் கொடுக்கச் சொல்வார். அவர் சத்தீஸ்கர் மொழியிலும் இவர் தமிழிலும் பத்து நிமிடம் பேசுவார்கள். நேற்றும் பேசினார்கள். கருப்பி மறுபடி அடையில் இருக்கிறது. ஒன்பது முட்டை, பதினேழாம் நாள். ஆணியையும் மிளகாயையும் வைத்தீர்களா என்று கேட்டார். வைத்திருக்கிறோம்.